பதினான்காம் கூண்டின் அட்டை

ஒன்பதாம் கூண்டில் இருந்த வயசான பெண் நாயை மூன்று வீட்டார் கொண்டுபோய், மூன்று வீட்டாரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கடித்ததா என்றால் இல்லை. திருடித் தின்றதா என்றால் அதுவும் இல்லை. புருஷன் பெண்டாட்டி குரல் ஒரு படி உயர்ந்தால் போதும், நடுவில் வந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்து ஊளையிடும்; இரண்டு பேரும் வாயை மூடும்வரை நிறுத்தாது. மூன்றாவதாகக் கொண்டுபோனவர் ஒரு தையற்காரர். நாற்பதாவது நாள் வந்து சங்கிலியை மேஜைமேல் வைத்தார்.

"நல்ல நாய்தாங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நாங்க சண்ட போட்டு நாப்பது நாளாச்சு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. அவளுக்கும் எனக்கும் என்ன பேசிக்கிறதுன்னே தெரியல."

'திரும்பி வந்த காரணம்' என்ற இடத்தில் 'வீட்டில் அமைதி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டைக்காரர் நாயை மறுபடி ஒன்பதாம் கூண்டில் விட்டார். அது உள்ளே போய், போன தடவை விட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டது.

அட்டைக்காரர் என்பது அந்த நாய்க் காப்பகத்தில் அவருக்கு விழுந்த பெயர். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் ஒரு நூல் ஆலையின் சாமான் அறையில் இருந்தவர். நட்டு, போல்ட்டு, பெல்ட்டு என்று ஒவ்வொரு டப்பாவிலும் என்ன சாமான், என்ன அளவு என்று அட்டை எழுதி ஒட்டுவது வேலை. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் கேட்ட போல்ட்டு கையில் வரும். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவர், வீட்டிலிருந்தபடியே எந்தத் தட்டில் எத்தனையாவது டப்பா என்று சொல்லியனுப்பி ஆலையை ஓட்டினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. ஆலை மூடியதும் அவரும் மனைவியும் காப்பகத்துக்கு வந்தார்கள். கூண்டு கழுவுவது, உண்ணி பொறுக்குவது, சங்கிலி போட்டு நடத்திக் கூட்டிப்போவது அவர் பாடு. முப்பத்தொரு நாய்க்கும் ஆக்கிப்போடுவது அவள் பாடு. இருவருக்கும் இருக்கப் பின்பக்கத்தில் இரண்டறை வீடு.

காலை நாலரைக்குக் குழாயைத் திறந்தால் ஏழு மணிக்குள் கூண்டு வரிசை முழுக்கப் பினாயில் மணக்கும். அதற்குள் அவள் அடுப்பில் அண்டா கொதி வந்துவிடும். கோழிக்கழுத்து, கேரட், அரிசி. மாத்திரை சாப்பிட வேண்டிய நாய்களுக்கு அவித்த முட்டைக்குள் மாத்திரையைப் புதைத்துக் கொடுப்பாள். பதினேழாம் கூண்டு நாய் முட்டையை முழுக்கத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தட்டின் நடுவில், கறையில்லாமல், துடைத்து வைத்துவிடும். அந்த ஒரு நாய்க்குப் பயந்து அவள் மாத்திரையைப் பொடித்துப் போட ஆரம்பித்தாள். அது பொடியை மட்டும் வைத்துவிட்டுத் தின்னக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

நாய் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன குணம்?" அதனால் கூண்டுக்கு ஒரு அட்டை எழுதி மாட்டச் சொன்னார் காப்பகத்தை நடத்தும் டாக்டரம்மா. அட்டைக்காரர் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் எழுதி மாட்டிவிட்டார். டாக்டரம்மா வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து கடைசிக் கூண்டில் நின்றார்.

"ஐயா, முப்பத்தொண்ணுலயும் 'நல்ல நாய், நடுத்தர அளவு'ன்னுதான் இருக்கு."

"ஆறாம் நம்பர்ல 'சிறிய அளவு'ன்னு இருக்கும் பாருங்கம்மா."

"நான் குணத்தக் கேட்டேன்."

"கெட்ட நாய் ஒண்ணும் இதுவரைக்கும் வரலியேம்மா."

அன்றைக்கு முழுக்க அவர் வெற்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டு கூண்டாக நின்றார். அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"இதுக்கா இப்படி மண்டையப் போட்டு ஒடச்சுக்கிறீங்க? ஒவ்வொண்ணும் யார மாதிரி இருக்குன்னு பாருங்க. நம்ம சனத்துல இல்லாத குணமா?"

"அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்றார் அவர். மறுநாள் காலையில், தனக்கே தோன்றியதுபோல, "ஒரு யோசனை வந்திருக்கு. ஒவ்வொரு நாயும் நம்ம சொந்தக்காரங்கள்ல யார மாதிரின்னு பாத்து எழுதிடலாம்னு இருக்கேன்" என்றார். அவள் கரண்டியைத் தட்டிவிட்டு, "நல்ல யோசனை" என்றாள்.

மூன்றாம் கூண்டு அவருடைய சித்தப்பா. 'யார் வந்தாலும் முதலில் முதுகைக் காட்டும். மரியாதைக் குறைவு இல்லை, கூச்சம். கால் மணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் கதையைத் தொடங்கும். பிறகு நிறுத்துவது உங்கள் பொறுப்பு.' ஏழாம் கூண்டு அத்தை: 'விருந்தாளியை லேசில் போகவிடாது. ஒற்றைச் செருப்பை எடுத்து ஒளித்துவிடும். தொலைந்ததில்லை. சாப்பிட்ட பிறகு தானே கொண்டுவந்து தரும்.' பன்னிரண்டாம் கூண்டு, போலீஸில் இருக்கும் தம்பி மகன்: 'பார்த்தால் நடுங்குவீர்கள். அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் பட்டாம்பூச்சி வரும் தோட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.'

நாய்கள் போக ஆரம்பித்தன. எங்கிருந்தோ பஸ் ஏறி வந்த ஒருவர் மூன்றாம் கூண்டு அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா" என்றார். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு கடிதம் வந்தது. நாய் அப்பாவின் நாற்காலியில்தான் உட்காருகிறதாம். அம்மா நாள் தவறாமல், 'சொன்ன சாமான் ஒண்ணாச்சும் வாங்கிட்டு வந்தீங்களா' என்று அதைச் சத்தம் போடுகிறாராம். அதுவும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறதாம். ஒரு நாய் போனால் அந்தக் கூண்டுக்கு இன்னொன்று வந்துவிடும். அட்டைக்காரருக்குச் சொந்தக்காரர்களும் தீர்ந்தபாடில்லை.

பதினான்காம் கூண்டு நாய் வந்த வாரம் அவருக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு நாய்களை ஒன்றாக நடத்திக் கூட்டிப்போனதில், ஒன்றுக்குக் கிழக்கே வேலை இருந்தது, இன்னொன்றுக்கு மேற்கே. அதனால் அந்த ஒரு அட்டையை மட்டும் மனைவி எழுதினாள். பழுப்பு நாய், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அட்டை இப்படி இருந்தது:

'எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கும். சொன்னால் கேட்காது, மறுநாள் அதையே தான் கண்டுபிடித்ததுபோல் செய்யும். கோபம் வந்தால் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காரும். கூப்பிடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தால் தானே வரும். இடி இடித்தால் யாரும் கவனிக்காதபடி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மனசு நல்ல மனசு. காட்டத் தெரியாது.'

அட்டைக்காரர் படித்துவிட்டுக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடியே! அப்படியே உங்க அண்ணன்! உரிச்சு வச்சிருக்கியே!"

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் அண்டாப் பக்கம் போனாள்.

அன்றிலிருந்து அந்த நாயை அவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். "என்ன மச்சான், தூக்கம் போதலியா? கால எடுங்க மச்சான், தண்ணி வருது." ஒரு மாதத்தில் அந்த வார்த்தைக்கு நாய் எழுந்து வர ஆரம்பித்தது. நேரில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொல்லிவிட்டு, தினம் ஒருமுறை அட்டையைப் படித்துச் சிரித்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்.

நேரில் சொல்ல முடியாததற்குக் காரணம் ஒரு மின்விசிறி.

மனைவியின் அண்ணன் மின்சார இலாகாவில் மீட்டர் பார்த்தவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய், மீட்டரில் இருப்பதைச் சத்தமாகப் படிப்பார். கூட வருகிறவர் எழுதிக்கொள்வார். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை, எது கண்ணில் பட்டாலும் உரக்கப் படித்துவிட்டுத்தான் நகருவார். நாலு வருடத்துக்கு முன் தங்கை வீட்டுக்கு வந்தவர், மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று நாற்காலிமேல் ஏறினார்.

"ஆள் வரச் சொல்லியிருக்கேன் மச்சான்."

"ஆளா? முப்பது வருஷம் கரண்டோட பொழங்கினவன் நான். தள்ளுங்க மாப்ள, ஸ்க்ரூடிரைவர எடுங்க."

கழற்றி மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் விசிறி பறந்தது. என்ன, தலைகீழாகச் சுற்றியது. காற்று முழுக்க மேலே போயிற்று. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேர்த்துக் கொட்ட, கூரையில் ஒட்டடை நடனமாடியது. அக்கம்பக்கத்துப் பல்லியெல்லாம் வெயில் காலத்துக்கு அங்கே குடிவந்து, குஞ்சு பொரித்து, நல்லபடியாக இருந்தன.

"மச்சான், கீழ இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் காத்து வந்தா நல்லாருக்கும்" என்று சிரித்துவிட்டார் அட்டைக்காரர்.

"இனி உங்க வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நானும் உங்க வாசப்படி ஏற மாட்டேன்" என்றார் இவர். விசிறியைச் சரிசெய்ய வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார். அது சாட்சியாம். நாலு கோடையும் சாட்சிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இப்போது வந்த சங்கடம், அந்த வீடே போகப்போகிறது. நாய்களுக்குச் சிகிச்சை அறை கட்ட வேறு இடமில்லை. "வேலை எப்பவும்போல இருக்கும் ஐயா. மாசக் கடைசிக்குள்ள வெளியில ஒரு வீடு பாத்துக்கங்க. தூரமாப் போயிடாதீங்க, நாலரைக்கு நீங்க இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது" என்றார் டாக்டரம்மா. மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

பக்கத்துத் தெருக்களில் ஏழு வீடு பார்த்தார்கள். கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர்களின் மூக்கு முதலில் பேசியது.

"எத்தன நாய் வளக்குறீங்க?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

யாரும் நம்பவில்லை. குளித்து, சோப்பு மாற்றி, புதுத்துணி உடுத்திப் போனாலும் அதே கேள்வி. ஐந்தாவது வீட்டில் இருந்த பூனை இவர்கள் வாசலில் நின்றதைப் பார்த்துக் கூரைமேல் ஏறியது. மறுநாள் தீயணைப்புக்காரர்கள் வந்துதான் இறக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். எட்டாவதாக ஒரு வீடு இருந்தது. காப்பகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மாடியில் ஒற்றை அறை, இரண்டு ஜன்னல், தனிப் படி. காலியாகக் கிடந்தது. அது மீட்டர்காரருடையது.

அவள் போய் அண்ணனைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஒங்க வீட்டுக்காரர் வந்து கேக்கட்டும்னாரு."

"அவரு வந்து கூப்பிடட்டும்."

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னவரு எப்படி வருவாரு?"

"அப்ப நான் மட்டும் எப்படிப் போவேன்? எனக்கு வாசப்படி இல்லியா?"

"இன்னும் பதினாலு நாள்ல இருக்காது" என்றாள் அவள்.

அவர் எழுந்து உள்ளறை மூலைக்குப் போய், சுவரைப் பார்க்க ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துத் தரையில் நங்கென்று வைத்தாள். வந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து அவள் சொன்னாள். "காப்பகம் யாரு வாசப்படியும் இல்ல. ஞாயித்துக்கெழம ஊர்ல உள்ளவங்கல்லாம் நாய் பாக்க வர்றாங்க. எங்கண்ணனும் வரட்டுமே. அங்க வச்சுப் பேசிக்கலாம்."

"அதெல்லாம் நடக்காது" என்றார். மறுநாள் கூண்டு கழுவும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஓடிவந்து சொன்னார். "நல்ல யோசனை" என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம்தான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வருகிறவர் மீட்டர்காரர். கண்ணில் பட்டதை உரக்கப் படிக்காமல் ஒரு அடி நகராதவர். பதினான்காம் கூண்டில் அவரைப் பற்றி ஆறு வரி தொங்குகிறது. அதுவும் அவர் சொந்தத் தங்கையின் கையெழுத்தில். வேறு அட்டை எழுதி எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா முந்திக்கொண்டிருந்தார். மழைக்கு நனையாமல் இருக்க எல்லா அட்டையையும் பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையும் கம்பியால் முறுக்கிக் கட்டச் செய்திருந்தார். இடுக்கி போட்டாலும் அசையவில்லை.

"இத இன்னிக்குத்தான் கட்டணுமா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். "இத்தன நாளும் நனஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"நாய இன்னொரு கூண்டுக்கு மாத்தக் கூடாதா? அட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது."

"அட்டையப் படிச்சா அது யாருன்னு தெரிஞ்சிரும்டி. நாய மாத்தி என்ன பண்ண?"

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேரட் நறுக்கப் போனாள். அவர் ஒரு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து அட்டையை மறைத்துத் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மீட்டர்காரர் வந்தார். கையில் குடை. முப்பது வருடத்தில் அது மழைக்கு விரிந்ததைவிட நாய்க்கு நீண்டது அதிகம். அவர் வாசலில் நின்று, "நாய்கள் காப்பகம். முன் அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று படித்தார். அந்தக் குரல் கேட்டதும் கூண்டு வரிசை வெடித்தது. மீட்டர் பார்க்கிறவர் குரலை நாய் மறக்குமா? பிறந்து மூன்றே வாரமான குட்டி ஒன்று, அதுவரை வாயே திறக்காதது, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குரைத்தது.

"வாங்கண்ணே" என்றாள் தங்கை.

"வர்றேன், வர்றேன். 'பினாயில். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.' ம். மாப்ள எங்க?"

அட்டைக்காரர் குழாயை நிறுத்திவிட்டு வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவருக்கும் நடுவில் இருந்த வாளியைப் பார்த்தார்கள்.

"வாளி புதுசா?"

"பழசுதான். கழுவியிருக்கேன்."

மீட்டர்காரர் கூண்டு வரிசைப் பக்கம் நடந்தார். ஒவ்வொரு அட்டையாக உரக்கப் படித்தார். "'ஒற்றைச் செருப்பை எடுத்து ஒளித்துவிடும்...' இது ஒங்க அத்தைல்ல?" சிரித்தார். "'அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.' அடடே, போலீஸ்காரன்!" இன்னும் சிரித்தார். அட்டைக்காரர் பின்னால் நடந்தார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், இப்படியே பதின்மூன்றோடு திருப்பிவிட்டால் தேவலை என்று பட்டது.

"அவ்வளவுதான் மச்சான். டீ போட்டிருக்கா, வாங்க."

மீட்டர்காரர் நின்றுவிட்டார். முப்பது நாய் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, பதினான்காம் கூண்டில் சத்தமே இல்லை. பழுப்பு நாய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"இது ஏன் என்னப் பாத்துக் கொரைக்கல?"

"அதுக்கு ஒடம்பு சரியில்ல."

"முப்பது வருஷத்துல என்னப் பாத்துக் கொரைக்காத மொத நாய் இதான். ஆமா, நெழல்ல இருக்குற கூண்டுக்கு எதுக்குச் சாக்கு?"

சொல்லிக்கொண்டே குடை நுனியால் சாக்கைத் தூக்கினார். அட்டைக்காரருக்கு மாடி அறை, இரண்டு ஜன்னலோடு, கண்ணெதிரே எழும்பிப் பறந்து போவது தெரிந்தது.

"'எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கும்.'" மீட்டர் படிக்கிற அதே குரல், ஒவ்வொரு வரிக்கும் எழுதிக்கொள்ள இடம் விட்டு. "'சொன்னால் கேட்காது... கோபம் வந்தால் மூலையில் போய்...' இது தங்கச்சி எழுத்தாச்சே?"

அவள் அண்டா மூடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. மீட்டர்காரர் 'காட்டத் தெரியாது' வரை படித்து முடித்தார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதா என்று அட்டைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

"மாப்ள!" குடையை ஊன்றிக்கொண்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படியே ஒங்கள உரிச்சு வச்சிருக்காளே!"

"என்... என்னையா?"

"பின்ன? சுவரப் பாத்து உக்காருறது யாரு? நானா?"

'நீங்கதான்' என்ற வார்த்தை அட்டைக்காரர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு வருடம் வேர்வை சிந்திக் காத்த சாட்சி பின்னால் நின்று தள்ளியது. மனைவியைப் பார்த்தார். அவள் மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினெட்டு நாளில் பத்து போய்விட்டிருந்தது. வார்த்தையை விழுங்கினார். போல்ட்டை விழுங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஆமா மச்சான்" என்றார். "நான்தான்."

'மச்சான்' என்று கேட்டதும் பழுப்பு நாய் திரும்பிப் பார்த்தது. எழுந்து கம்பியருகே வந்து நின்றது.

"எதுக்கு வருது?"

"மச்சான்னு சொன்னா வரும்."

"நாய்க்கு மச்சான்னா பேரு?" மீட்டர்காரரின் சிரிப்பு நின்றது. "ஏன்?"

அட்டைக்காரர் வாயைத் திறந்தார், என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

"நாலு வருஷமா அந்த வார்த்தையச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல மச்சான்."

தப்பிக்கச் சொன்ன பொய் அது. சொல்லிவிட்டுப் பார்த்தால், அதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூண்டு வரிசையில் நாய்கள்கூட ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மீட்டர்காரர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அட்டையை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை வாய்க்குள் படித்தார். அவர் அப்படிப் படித்து யாரும் பார்த்ததில்லை.

"மாடி ரூமு சும்மாதான் கெடக்கு" என்றார் வாளியிடம். "அந்த ஃபேன கழட்டி எடுத்துட்டு வாங்க. நான் சரி பண்ணித் தர்றேன்."

"சரி மச்சான்."

நாய் வாலை ஆட்டியது. மீட்டர்காரர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, இது ஒரு பெரிய விஷயமில்லை என்பதுபோல, "இதக் கூட்டிட்டுப் போக என்ன எழுதிக் குடுக்கணும்?" என்றார்.

டாக்டரம்மா வந்து கேள்வித்தாளை நீட்டினார். அவர் கேள்விகளை உரக்கப் படித்துத் தானே உரக்கப் பதிலும் சொன்னார்.

"'இதற்கு முன் நாய்களோடு பழக்கம் உண்டா?' உண்டு. முப்பது வருஷம். மூணு தடவ தையல்."

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் சாமான் மாடி ஏறியது. அண்டா காப்பகத்துடையது, மற்றதெல்லாம் ஒரு கைவண்டியில் அடங்கிவிட்டது. காப்பகத்தில் பதினான்காம் கூண்டு காலியாயிற்று. அட்டையை மட்டும் கம்பியை வெட்டி, உறையோடு, மீட்டர்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதைத் தன் வீட்டு முன்னறையில் ஆணியில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்ளயப் பத்தி" என்று படித்துக் காட்டினார்.

விசிறியையும் மாட்டினார். இந்தத் தடவை நேராகவே சுற்றியது. ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் கீழ்வீட்டு அழைப்பு மணி அடித்தது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. மணி அடிக்க, பழுப்பு நாய் வாசலுக்கு ஓடும். யாரும் இல்லை என்று திரும்பி வரும். அட்டைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

அன்று சாயங்காலம் மேகம் திரண்டு இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அடுப்பு மேடையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. அந்த அட்டையில நீ யார எழுதுன? உங்க அண்ணனையா, என்னையா?"

"கூண்டுல யாரு இருந்தா?"

"நாயி."

"அப்ப நாயத்தான எழுதுவாங்க."

"சுத்தி வளைக்காத. உங்க அண்ணனத்தான எழுதுன? நான் வீட்டுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"சரி."

"என்ன சரி? இடி இடிச்சா ஒட்டிக்கும்னு எழுதியிருக்க. எனக்கு இடின்னா பயமா?"

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"எனக்கெல்லாம் பயம் கெடையாது. யோசனையெல்லாம் யாரோ சொல்லித்தான் எனக்கு வருதா? எனக்கா வருது!"

"ஆமா, ஒங்களுக்காத்தான் வருது" என்றாள். அந்த ஒப்புக்கொள்ளலில் என்னவோ இருந்தது. அவருக்குச் சுள்ளென்று வந்தது. எழுந்து போய் அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். எதிரே புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான், தான் எதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. உடனே திரும்பினால் அவள் பார்த்துவிடுவாள். திரும்பாமல் இருந்தார்.

கீழே மீட்டர்காரர் குரல் கேட்டது.

"நாற்காலியில ஏறாதன்னு சொன்னா ஏறுவியா? சொன்னா கேக்க மாட்டியா? போ! அங்கேயே சுவரப் பாத்துட்டு உக்காரு! நானும் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன். எனக்கென்ன வந்துச்சு?"

நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் கீழும் மேலும் ஒரு சத்தமும் இல்லை.

அவள் சோற்றை வடித்தாள். தட்டை எடுத்தாள். தரையில் நங்கென்று வைத்தாள்.

படியில் முதலில் நகம் உரசும் சத்தம் வந்தது. பழுப்பு நாய், நிமிர்ந்த காது ஒன்று, மடிந்த காது ஒன்று. அதற்குப் பின்னால் செருப்புச் சத்தம். மீட்டர்காரர் குடையோடு நிலைப்படியில் நின்றார்.

"என்னமோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு. என்னன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அட்டைக்காரர் எப்போது எழுந்தார், எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. தட்டுக்கு முன்னால் இருந்தார்.

அவள் மூவரையும் வரிசையாக ஒருமுறை பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் சட்டம் அதிர ஒரு இடி விழுந்தது. அடுத்த இடி விழுவதற்குள் அவளுக்கு இடப்பக்கம் ஒரு முழங்கை, வலப்பக்கம் ஒரு முழங்கை, மடியோடு ஒரு ஈர மூக்கு.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "இன்னும் ரெண்டு தட்டு எடுக்க எனக்குக் கைய நீட்ட எடம் வேணாமா?"

மூன்றில் ஒன்றும் நகரவில்லை.